தாலாட்டுப் பாடி உலகப் புகழ் பெற்ற மின்னி ரிப்பர்ட்டன்

தொட்டிலை ஆட்டிக்கொண்டே தாய் பாடும் பாட்டை யார் கேட்பார்கள்? தொட்டிலில் கிடக்கும் குழந்தை கேட்கும். வீட்டில் இருக்கும் இரண்டு பேர் கேட்பார்கள். குழந்தை தூங்கியதும் பாட்டும் நின்றுவிடும்.

ஆனால், ஒரு தாய் தன் கைக்குழந்தைக்காகப் பாடிய பாட்டு இசைத்தட்டாக வெளிவந்தது. லட்சக்கணக்கில் விற்றது. அமெரிக்காவில் மற்ற எல்லாப் பாட்டுகளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதல் இடத்தைப் பிடித்தது.

அந்தத் தாயின் பெயர் மின்னி ரிப்பர்ட்டன். அமெரிக்கக் கறுப்பு இனத்தைச் சேர்ந்தவர். அவர் வாழ்ந்தது 31 ஆண்டுகள்தான். அந்தக் கொஞ்ச காலத்திலும் பல ஆண்டுகள் மற்றவர்களுக்குப் பின்பாட்டுப் பாடுவதிலேயே கழிந்தன.

எட்டாவது குழந்தை

அமெரிக்காவின் பெரிய நகரங்களில் ஒன்று சிகாகோ. தெற்கு மாநிலங்களில் பருத்திக் காடுகளில் பாடுபட்டு வந்த கறுப்பு மக்கள், பிழைப்புத் தேடி ரெயில் ஏறி வந்து குடியேறிய ஊர் அது. நகரத்தின் தெற்குப் பகுதியில் அவர்கள் நெருக்கமாக வாழ்ந்தார்கள். கஷ்டம் இருந்தது. பாட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தேவாலயம் தோறும் பாட்டு முழங்கும்.

அந்தத் தெற்குச் சிகாகோவில் 1947-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி மின்னி பிறந்தாள். வீட்டில் எட்டுக் குழந்தைகள். மின்னிதான் கடைக்குட்டி.

தகப்பனார் ரெயிலில் வேலை பார்த்தார். 'புல்மன்' என்ற தூங்கும் வசதி உள்ள பெட்டிகளில் பயணிகளுக்குப் படுக்கை விரிப்பது, மூட்டை தூக்குவது, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது இவையே அந்த வேலை. அந்த வேலைக்குக் கறுப்பர்களையே வைத்துக்கொள்வது வழக்கம். வேலை கடினமானதுதான். ஆனாலும் மாதச் சம்பளம் தவறாமல் வரும். ஆகையால் கறுப்பு மக்களிடையே அது மதிப்பான உத்தியோகமாகவே கருதப்பட்டது.

சிறு வயதில் மின்னி நடனம் கற்றாள். 'பாலே' என்ற மேல்நாட்டு நடனத்தில் அவளுக்கு ஆசை. கால் ஆடியபோது குரலும் சும்மா இருக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்ட பெற்றோர், இவள் ஆட வேண்டியவள் அல்ல, பாட வேண்டியவள் என்று கண்டுகொண்டார்கள்.

சிகாகோவில் ஆபிரகாம் லிங்கன் பெயரால் ஒரு நிலையம் உண்டு. அங்கே மரியன் ஜெப்ரி என்ற ஆசிரியையிடம் மின்னி சங்கீதம் பயின்றாள். 'ஆப்பரா' என்ற இசை நாடகத்துக்கு உரிய கடுமையான பயிற்சி அது. மூச்சை அடக்குவது, ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாக உச்சரிப்பது, மெல்லிய குரலிலும் கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கேட்கும்படி பாடுவது எல்லாம் அதில் அடங்கும்.

மாணவி பெரிய ஆப்பரா பாடகியாக வருவாள் என்று ஆசிரியை எதிர்பார்த்தார். மாணவியின் மனமோ வேறு பக்கம் போயிற்று.

'சோல்' என்றால் என்ன?

அப்பொழுது கறுப்பு இளைஞர்களிடையே 'சோல்' என்ற புது வகைப் பாட்டு பரவிக்கொண்டு இருந்தது. 'சோல்' என்றால் ஆன்மா என்று பொருள். தேவாலயத்தில் உருகி உருகிப் பாடும் முறையை எடுத்து, அதில் காதல், பிரிவு, ஏக்கம் முதலியவற்றை வைத்துப் பாடினார்கள். தாளம் துள்ளும். குரல் கெஞ்சும். வானொலியைத் திருப்பினால் அந்தப் பாட்டுதான்.

மின்னி உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டு இருந்தபோது, ரேனார்ட் மைனர் என்பவர் அவளுடைய பாட்டைக் கேட்டார். அவர் கண் பார்வை இல்லாதவர். பியானோ வாசிப்பதில் கெட்டிக்காரர். முகம் பார்க்க முடியாத அவருக்குக் குரல் ஒன்றே போதுமாக இருந்தது. அவருடைய ஆதரவில் மின்னி 'ஜெம்ஸ்' என்ற பெண்கள் கோஷ்டியில் சேர்ந்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது இருக்கும்.

பெயர் இல்லாத குரல்

சிகாகோவில் 'செஸ்' என்ற இசைத்தட்டுக் கம்பெனி கொடி கட்டிப் பறந்த காலம் அது. போலந்து நாட்டில் இருந்து வந்து குடியேறிய இரண்டு யூதச் சகோதரர்கள் அதை நடத்தினார்கள். மட்டி வாட்டர்ஸ், சக் பெர்ரி, எட்டா ஜேம்ஸ் போன்ற பெரிய பெரிய பாட்டுக்காரர்கள் எல்லாம் அங்கேதான் பாடினார்கள்.

'ஜெம்ஸ்' பெண்கள் தனியாகவும் சில தட்டுகள் கொடுத்தார்கள். அவை சரியாக விற்கவில்லை. ஆனால், மற்றவர்களுக்குப் பின்பாட்டுப் பாட அவர்களைத்தான் கூப்பிட்டார்கள்.

பின்பாட்டு என்பது லேசான காரியம் அல்ல. முன்னே பாடுகிறவரின் குரலை மூடிவிடக் கூடாது. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். மூன்று பேர் பாடினாலும் ஒரே குரல் போல் கேட்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, இசைத்தட்டில் முன்னே பாடியவரின் பெயர்தான் இருக்கும். பின்பாட்டுக்காரர்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

1965-ல் பான்டெல்லா பாஸ் என்ற பாடகி 'ரெஸ்க்யூ மி' என்ற பாட்டைப் பாடினார். என்னைக் காப்பாற்று என்பது அதன் பொருள். மின்னியை ஆதரித்த மைனர்தான் அதை இயற்றியவர்களில் ஒருவர். அந்தப் பாட்டு நாடு முழுவதும் ஒலித்தது. அதில் பின்னால் கேட்கும் பெண் குரல்களில் ஒன்று மின்னியுடையது. அது யார் குரல் என்று பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியாது.

பின்பாட்டு மட்டும் அல்ல. அதே கம்பெனியில் மின்னி வரவேற்பாளர் வேலையும் பார்த்தார். வருகிறவர்களை உட்கார வைப்பதும், டெலிபோன் மணி அடித்தால் எடுப்பதும் அவருடைய பொறுப்பு.

1966-ல் தனியாகப் பாட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. ஆனால், அப்பொழுதும் சொந்தப் பெயர் வெளிவரவில்லை. தமக்குப் பாட்டு எழுதிக் கொடுத்து வழி காட்டிய பில்லி டேவிஸ் என்பவருக்கு மரியாதையாக, 'ஆன்டிரியா டேவிஸ்' என்ற புனைபெயரில் பாடினார். சிகாகோவில் கொஞ்சம் பேர் கிடைத்தது. அந்தப் பேரும் ஆன்டிரியாவுக்குப் போயிற்று!

புதுக் கோஷ்டி

செஸ் முதலாளியின் மகன் மார்ஷலுக்கு ஒரு யோசனை தோன்றியது. வெள்ளையர், கறுப்பர் இருவரையும் சேர்த்து ஒரு புதுமையான கோஷ்டி அமைத்தார். அதன் பெயர் 'ரோட்டரி கனெக்ஷன்.' 1967-ல் தொடங்கிய அந்தக் கோஷ்டியில் மின்னியும் ஒரு பாடகி.

இந்தக் கோஷ்டிக்கு இசை அமைத்தவர் சார்லஸ் ஸ்டெப்னி. மின்னியின் வாழ்க்கையில் அவரைப் போல் உதவியவர்கள் சிலரே. மின்னியின் குரலில் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருப்பதை அவர் கவனித்தார்.

அது என்ன? சாதாரணமாக நல்ல பாடகர்களின் குரல் இரண்டு ஸ்தாயி, இரண்டரை ஸ்தாயி போகும். மின்னியின் குரல் ஐந்து ஸ்தாயிக்கு மேல் போகும் என்று சொல்வார்கள். கீழே இருந்து ஏறி ஏறி, இதற்கு மேல் போக முடியாது என்று கேட்கிறவர்கள் நினைக்கும்போது, அதற்கும் மேலே ஒரு குரல் கிளம்பும். புல்லாங்குழலா, பறவையா, பெண் குரலா என்று சந்தேகம் வரும். மேல்நாட்டு சங்கீதத்தில் இதைச் சீழ்க்கைக் குரல் என்பார்கள். அந்த உயரத்துக்குப் போகும் சிலராலும் அங்கே வெறும் ஒலிதான் எழுப்ப முடியும். மின்னியோ அங்கே போய் நின்றுகொண்டு சொற்களையும் தெளிவாக உச்சரித்தார். லிங்கன் நிலையத்தில் பட்ட பாடு வீண் போகவில்லை.

இந்தக் குரலுக்காகவே ஸ்டெப்னி ஒரு முழு எல்.பி. ரிக்கார்டைத் தயாரித்தார். பெயர் 'கம் டு மை கார்டன்.' வயலின்களும் பித்தளைக் குழல்களும் சேர்ந்து ஒலிக்க, 1970-ல் அது மின்னியின் சொந்தப் பெயரிலேயே வெளிவந்தது.

கேட்டவர்கள் பாராட்டினார்கள். ஆனால், கேட்டவர்கள் மிகக் குறைவு. தட்டு விற்கவில்லை. செஸ் கம்பெனியும் அதற்குள் வேறு முதலாளிகளின் கைக்குப் போய்விட்டது.

திருமணம்

அந்த நஷ்டத்துக்கு நடுவே ஒரு லாபமும் கிடைத்தது. ரிச்சர்டு ருடால்ப் என்ற இளைஞர் அந்த ரிக்கார்டுக்குப் பாட்டு எழுதியவர்களில் ஒருவர். அவர் எழுத, மின்னி பாட, இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். 1970-ல் திருமணம் நடந்தது.

ரிச்சர்டு வெள்ளையர். இது அந்நாளில் சாதாரண விஷயம் அல்ல. கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வது அமெரிக்காவின் பல மாநிலங்களில் 1967 வரை சட்டப்படி குற்றம். அந்த ஆண்டில்தான் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பு அளித்தது. அப்படிச் சட்டம் வைத்திருந்த மாநிலங்களில் புளோரிடாவும் ஒன்று. மின்னியும் ரிச்சர்டும் குடித்தனம் நடத்தப் போனது அந்தப் புளோரிடாவுக்குத்தான். கெயின்ஸ்வில் என்ற சிறிய ஊரில் குடியேறினார்கள்.

அங்கே மின்னி பாடகி அல்ல, இல்லத்தரசி. சமைத்தார். மகனை வளர்த்தார். 1972-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி ஒரு மகளும் பிறந்தாள். அவளுக்கு மாயா என்று பெயர் வைத்தார்கள்.

கணவரும் மனைவியும் வீட்டிலேயே பாட்டுக் கட்டினார்கள். குழந்தை மாயா சும்மா இருந்தால்தானே வேலை நடக்கும்? அவளுக்குப் போக்குக் காட்ட மின்னி ஒரு மெட்டை முணுமுணுப்பார். குழந்தை அடங்கிவிடும். அந்த மெட்டுக்கு ரிச்சர்டு சொல் அமைத்தார். வீட்டுக்குள் பிறந்த தாலாட்டு அது. அதை விற்கலாம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

தேடி வந்த அதிர்ஷ்டம்

'எப்பிக்' என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியில் பயிற்சி பெற்ற கல்லூரி மாணவர் ஒருவர், மின்னி கெயின்ஸ்வில்லில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அவர் மூலமாக மின்னியின் பாட்டு ஒன்று கம்பெனி அதிகாரிகளின் காதுக்கு எட்டியது. ஒப்பந்தம் ஆயிற்று. குடும்பம் லாஸ் ஏஞ்சல்சுக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே மின்னி மீண்டும் பின்பாட்டுக்காரி ஆனார். ஆனால், இந்தத் தடவை முன்னே நின்றவர் ஸ்டீவி வொண்டர்! கண் பார்வை இல்லாத இந்தக் கறுப்புப் பாடகர் அப்போது புகழின் உச்சியில் இருந்தார். மின்னியின் பழைய தட்டுகளை விரும்பிக் கேட்டவர். தம்முடைய கோஷ்டியில் அவரைச் சேர்த்துக்கொண்டதோடு நிற்கவில்லை. மின்னியின் புது எல்.பி.யைத் தாமே தயாரித்துக் கொடுக்கவும் முன்வந்தார்.

அதில் ஒரு சிக்கல். ஸ்டீவி வேறு கம்பெனிக்குக் கட்டுப்பட்டவர். அவர் பெயரைப் போட முடியாது. ஆகவே, 'எல் டோரோ நெக்ரோ' என்ற பெயரில் மறைந்துகொண்டார். ஸ்பானிய மொழியில் இதற்குக் கறுப்புக் காளை என்று அர்த்தம். முன்பு மின்னி புனைபெயரில் பாடினார். இப்போது மின்னிக்காக ஸ்டீவி வொண்டரே புனைபெயர் வைத்துக்கொண்டார்!

'பெர்பெக்ட் ஏஞ்சல்' என்ற அந்த எல்.பி. 1974-ல் வெளிவந்தது. குறை இல்லாத தேவதை என்று பொருள். அட்டைப் படத்தில் மின்னி பகட்டான உடை எதுவும் உடுத்தவில்லை. தொழிலாளிகள் அணிவது போன்ற உடுப்போடு, கையில் உருகி வழியும் ஐஸ்கிரீமுடன் நிற்கிறார்.

முதலில் அந்த எல்.பி.யும் மெதுவாகவே விற்றது. அதில் இருந்து தனியாக வெளியிட்ட பாட்டுகள் எடுபடவில்லை. கம்பெனிக்காரர்கள் அடுத்த ரிக்கார்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ரிச்சர்டு விடவில்லை. இன்னும் ஒரே ஒரு பாட்டை வெளியிட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்தினார். அவர் சொன்ன பாட்டு, மாயாவின் தாலாட்டு.

குருவியும் பாடியது

'லவ்விங் யூ' என்ற அந்தப் பாட்டில் மத்தளம் கிடையாது. எந்தவிதமான கொட்டும் கிடையாது. ஒரு கித்தார். ஸ்டீவி வொண்டர் வாசித்த மின்சாரப் பியானோ. மின்னியின் குரல். இவ்வளவுதான். பதிவு செய்தபோது வெளியே ஒரு பறவையின் சத்தமும் சேர்ந்து பதிவாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அதை அழித்துவிட்டு மறுபடி பாடச் சொல்லி இருப்பார்கள். இவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பாட்டைப் போட்டால் பறவையின் குரல் கேட்கும். எல்.பி.யில் பாட்டின் கடைசியில் மின்னி ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடுகிறார். அது மகள் மாயாவின் பெயர்.

1975-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி வெளியான பட்டியலில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதல் இடத்தில் இருந்தது. இங்கிலாந்தில் இரண்டாவது இடம். பதினைந்து வயதில் பின்பாட்டுக்கு வந்த பெண், 27-வது வயதில் முன்னே வந்து நின்றார்.

அதே ஆண்டில் அடுத்த எல்.பி.யும் வந்தது. கச்சேரிகள் குவிந்தன. மின்னி கூந்தலில் பூச்சூடி மேடைக்கு வருவார். அந்தப் பூக்களும் அவர் சிரிப்பும் ரசிகர்களுக்குப் பழகிப்போயின.

பேரிடி

1976-ம் ஆண்டு தொடக்கம். மின்னிக்கு வயது 28. மார்பில் ஒரு கட்டி. டாக்டர்கள் சோதித்தார்கள். புற்றுநோய்!

ஆபரேஷன் நடந்தது. ஒரு மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குள் நோய் மற்ற இடங்களுக்கும் பரவி இருந்தது. இன்னும் ஆறு மாதம்தான் என்று டாக்டர்கள் கணக்குச் சொன்னார்கள். மகளுக்கு அப்பொழுது நான்கு வயதுகூட ஆகவில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில், மின்னியின் குரலைக் கண்டுபிடித்து வளர்த்த ஸ்டெப்னியும் மாரடைப்பால் இறந்துபோனார்.

மார்பில் வரும் புற்றுநோயைப் பற்றி அந்தக் காலத்தில் அமெரிக்கப் பெண்களும் வெளியே பேச மாட்டார்கள். தாயிடம்கூடச் சொல்லாமல் மறைத்த பெண்கள் உண்டு. கட்டியை மறைத்து மறைத்து, டாக்டரிடம் போகும்போது காலம் கடந்திருக்கும். 1974-ல் ஜனாதிபதி போர்டின் மனைவி பெட்டி போர்டு தமக்கு அந்த நோய் வந்ததை வெளிப்படையாக அறிவித்தார். அதன் பிறகுதான் பேச்சு கொஞ்சம் எழுந்தது. ஆனாலும், அழகும் மேடையும் பிழைப்பாக உள்ள ஒரு பாடகி, அதுவும் இளம் வயதில், மார்பகத்தை இழந்தேன் என்று சொல்வது எவ்வளவு கடினம்!

மின்னி சொன்னார். 1976 ஆகஸ்ட் 24-ந் தேதி, நாடு முழுவதும் பார்க்கும் 'டுநைட் ஷோ' என்ற டெலிவிஷன் நிகழ்ச்சியில் உட்கார்ந்து, தமக்கு நடந்த ஆபரேஷனைப் பற்றிக் கூறினார்.

ஒன்றை மட்டும் அவர் கூறவில்லை. நோய் பரவிவிட்டதையும், டாக்டர்கள் வைத்த கெடுவையும் மறைத்துக்கொண்டார். ரசிகர்கள் அவர் குணம் அடைந்துவிட்டதாகவே நினைத்தார்கள்.

ஆறு மாதம் போயிற்று. ஓர் ஆண்டும் போயிற்று. மின்னி பாடிக்கொண்டு இருந்தார். 1977-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் பிரசாரகராகப் பொறுப்பு ஏற்றார். பெண்கள் தங்கள் உடம்பைத் தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டும், கட்டி தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்னார். ஆரம்பத்தில் கண்டால் பிழைக்க வழி உண்டு என்று அவர் பிறருக்குச் சொன்னபோது, தமக்கு அந்த ஆரம்பம் தவறிப்போனது அவருக்குத் தெரியும். அவருடைய துணிவைப் பாராட்டி அந்தச் சங்கம் ஒரு விருது அளித்தது. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் தம் கையாலேயே அதை வழங்கினார்.

கடைசிப் பாட்டு

1979-ல் 'மின்னி' என்ற பெயரிலேயே ஒரு எல்.பி. வெளிவந்தது. அதில் 'மெமரி லேன்' என்ற பாட்டு உண்டு. பழைய புகைப்படங்களைப் பார்த்து, கடந்த நாட்களை நினைத்து ஏங்கும் ஒரு பெண்ணின் பாட்டு. அந்தப் பாட்டைப் பாடும் குரலில் நோயின் அடையாளம் கொஞ்சமும் இல்லை.

உடம்பில் அடையாளம் இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வலது கை வீங்கி, அசைக்க முடியாமல் போய்விட்டது. கையை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு, பூவோடும் சிரிப்போடும் டெலிவிஷனில் தோன்றிப் பாடினார். கையை ஏன் அசைக்கவில்லை என்று பார்த்தவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

ஜூலை மாதத்தில் நிலைமை மோசமாயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்டீவி வொண்டர் அவருக்காகவே ஒரு பாட்டைப் பதிவு செய்து கொடுத்திருந்தார். 12-ந் தேதி காலை, அதைக் கேட்டுக்கொண்டே, கணவரின் கைகளில் சாய்ந்தபடி மின்னி கண்ணை மூடினார்.

ஆறு மாதம் என்று கெடு வைத்தார்கள். மூன்றரை ஆண்டு வாழ்ந்துவிட்டுப் போனார். மாயாவின் ஏழாவது பிறந்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

மறைந்த பின்

மின்னி 1978-ல் பாடி வைத்திருந்த சில பாட்டுகள் வெளிவராமல் இருந்தன. ரிச்சர்டு அவற்றை எடுத்தார். குரலை மட்டும் வைத்துக்கொண்டு, வாத்தியங்களைப் புதிதாகச் சேர்த்தார். கூடப் பாட நண்பர்களை அழைத்தார். ஸ்டீவி வொண்டர் வந்தார். மைக்கேல் ஜாக்சன் வந்தார். ராபர்ட்டா பிளாக், ஜார்ஜ் பென்சன் முதலியவர்களும் வந்தார்கள். மின்னியின் குரலுக்குத் துணையாக இவர்கள் பாடவும் வாசிக்கவும், 1980-ல் அந்த எல்.பி. வெளியாயிற்று.

விலை போகாத பழைய 'கம் டு மை கார்டன்' தட்டுக்கும் காலம் வந்தது. இளைஞர்கள் அதைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள். அதன் முதல் பாட்டான 'லெ பிளர்' 2019-ல் 'அஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் முடிவில் ஒலித்தது. பின்னாளில் மிக உயர்ந்த சுருதியில் பாடி உலகப் புகழ் பெற்ற மரியா கேரியும், மின்னியின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்தான்.

தாலாட்டுக் கேட்ட குழந்தை மாயா ருடால்ப், நடிகை ஆனார். 2000-ம் ஆண்டில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் சேர்ந்து, பாட்டுக்காரிகளைப் போல் பாடியும் நடித்தும் அமெரிக்காவைச் சிரிக்க வைத்தார். தாயின் சிரிப்பு மகளுக்கு வந்திருக்கிறது என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள்.

லாஸ் ஏஞ்சல்சில் உள்ள வெஸ்ட்வுட் கல்லறைத் தோட்டத்தில் மின்னியை அடக்கம் செய்தார்கள். அங்கே உள்ள கல்லில் அவர் பெயருக்குக் கீழே, மாயாவுக்காகப் பாடிய தாலாட்டின் முதல் அடியைப் பொறித்திருக்கிறார்கள்.